கை படாத பக்கங்கள்

வெப்சைட்டின் எல்லாப் பக்கங்களையும் புதிதாகத் தயாரிக்க முழு பில்டு ஓட்டப்போகிறேன் என்று இளவரசி சொன்னதும், அவள் அப்பா ராஜாமணி எழுந்துபோய்க் கடை ஷட்டரைப் பாதி இறக்கினார்.

திண்டிவனத்தில் அவர் நடத்தும் திருமணத் தகவல் மையத்துக்கு வெப்சைட் செய்து கொடுத்தது இளவரசிதான். ஒரே டெம்ப்ளேட். வரன்களின் விவரங்களை அவளுடைய ஜாவாஸ்கிரிப்ட் அதில் நிரப்பி, ஆளுக்கொரு பக்கமாக முன்கூட்டியே தயாரித்து வைத்துவிடும். யார் திறந்தாலும் அந்தப் பக்கம் அப்படியே போய்ச் சேரும். சிக்னல் சரியாகக் கிடைக்காத ஊரிலும் சட்டென்று திறக்கும் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

பிறந்த தேதியிலிருந்து வயதையும் அதுவே கணக்குப் போடும். ஆனால் பக்கம் தயாராகும் அன்றைக்கு மட்டும்.

நேரம் மிச்சமாகட்டும் என்று, விவரம் மாறிய பக்கங்கள் மட்டுமே மறுபடி தயாராகும்படி வைத்திருந்தாள். கை படாத பக்கத்தில் வயது ஏறவே ஏறாது.

கண்டாச்சிபுரத்துக்காரர் ஒருவர் பெண் பார்க்கப் போன இடத்தில், வெப்சைட்டில் போட்டிருந்த இருபத்தைந்து நேரில் முப்பதாக இருந்ததாம். காலையில் கடை வாசலில் நின்று மானத்தை வாங்கிவிட்டுப் போனார்.

எல்லாவற்றையும் உடனே சரிசெய்யச் சொன்னவர் ராஜாமணிதான். இப்போது குரலைத் தாழ்த்தி, ஒரே ஒரு பக்கத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமை வரை தொடாமல் விடச் சொன்னார்.

அது இளவரசியின் பக்கம்.

அதில் அவளுக்கு இருபத்தெட்டு. நிஜத்தில் முப்பத்தொன்று.

அதே வெப்சைட்டில் பதிந்திருந்த வல்லரசுக்கு அவளைப் பிடித்துப்போய், அவன் வீட்டார் ஞாயிறன்று திருவெண்ணெய்நல்லூரிலிருந்து வருவதாக இருந்தது. ஜாதகம்கூட அன்றைக்கு நேரில்தான் கைமாறும். எத்தனையோ இடம் தட்டிப்போன பிறகு அமைந்த இடம்.

இளவரசிக்கும் பிடித்திருந்தது. போட்டோவில் வல்லரசு சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போயிருந்தான். இந்த இடம் கலைந்தால் அவளுக்கு வலிக்கும். அதற்காகப் பொய் சொல்லி உட்கார வைத்த பெண்ணாகப் போய் நிற்க அவளால் ஆகாது.

"ஊர்ல எல்லாருக்கும் வயசு ஏறசொல்ல, நான் மட்டும் இருபத்தெட்டுலயே குந்திக்கினு இருக்க முடியுமாப்பா?"

என்டரைத் தட்டினாள்.

திரையில் பெயர்கள் மளமளவென்று ஓடின. புதிய பக்கங்கள் எல்லாம் சர்வருக்கு ஏறின. ராஜாமணி செல்போனில் மகளின் பக்கத்தைத் திறந்து, முப்பத்தொன்று என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, போனை மேசைமேல் வைத்தார்.

மதியத்துக்குள் அது அடித்தது. வல்லரசின் அப்பா பெரியசாமி.

ராஜாமணியின் முகம் செத்துவிட்டது. இளவரசிதான் எட்டி ஸ்பீக்கரைப் போட்டாள். நல்லதோ கெட்டதோ, தன் காதாலேயே கேட்டுவிட வேண்டும் அவளுக்கு.

பெரியசாமி ரொம்ப நேரம் வெயிலைப் பற்றியே பேசினார். பிறகு மென்று விழுங்கினார்.

"ஞாயித்துக்கிழம கண்டிப்பா வர்றோங்க. அதுக்குள்ள நம்ம பையன் பக்கத்த மட்டும், நேத்து இருந்த மாதிரியே ஆக்கிட முடியுங்களா?"

இளவரசி வல்லரசின் பக்கத்தைத் திறந்தாள். நேற்று வரை முப்பது. இன்று முப்பத்தைந்து.

ராஜாமணி எட்டிப் பார்த்தார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இந்த மையத்தில் யாருக்காகவும் வயதைக் குறைத்துப் போடுகிற வழக்கமே கிடையாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.