இரண்டு கதவுக் காரும் ஒரு எலியும்

"எலிதான் ஒண்ணுமே பண்ணலையே மாமி, அது மேல பழி போட்டா அதுக்கு அழுகை வராதா?"

புனேயில், கட்கியில் குடியிருந்தபோது, பக்கத்து வீட்டு எட்டு வயதுப் பையன் சாவித்ரியிடம் இப்படிக் கேட்டான்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்காக அவன் அவள் கணவர் கிருஷ்ணஸ்வாமியின் ஸ்கூட்டரில் ஹாரன் வயரைப் பிடுங்கியிருந்தான். கிருஷ்ணஸ்வாமிக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. கோபமும் அங்கேயே தயாரானதுபோல் இருக்கும். சாவித்ரி முந்திக்கொண்டு, எலி கடித்துவிட்டது என்று சொல்லிவிட்டாள்.

பையன் கேட்டதற்கு, "அது பிள்ளையாரையே சுமக்கறது, இதைச் சுமக்காதா?" என்றாள்.

அவன் முழுசாக நம்பவில்லை போலும். மறுநாள் காலை, சாக்கடை ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு குளூகோஸ் பிஸ்கட் கிடந்தது. கவனமாக உடைத்த பாதி.

அதெல்லாம் முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால்.

இப்போது மகர்பட்டாவில், குடியிருப்பின் கீழ்த்தளத்தில், அவள் மகன் கிட்டுவின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இரண்டே கதவு. ஏறுவதற்குத் தரையில் உட்காருவதுபோல் உட்கார வேண்டும்.

பத்து நாளாக அதற்குப் பேய் பிடித்திருந்தது.

கிட்டு இறங்கினால் பூட்டிக்கொள்ளும். வாட்ச்மேன் கடந்து போனால் திறந்துகொள்ளும். செவ்வாய்க்கிழமை கிட்டுவை உள்ளே வைத்தே பூட்டிக்கொண்டது. ஒரு பக்கத்துக் கண்ணாடியை மட்டும் கருணையோடு இறக்கிவிட்டது. முதலில் தலை, பிறகு வயிறு என்று அவன் அதன் வழியாக வெளியே வந்தான். எதிர்வீட்டு மராட்டி அம்மாள் பால் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள்.

சாவித்ரி சிரிக்கவில்லை. அவளுக்குக் காரணம் தெரியும்.

வெள்ளிக்கிழமைதோறும், கிட்டு எழுந்திருக்கும் முன், அவள் சாவியை எடுத்துக்கொண்டு கீழே வருவாள். ஸ்டியரிங்குக்கு ஒரு சந்தனப் பொட்டு. கியருக்கு ஒன்று. கதவில் இருக்கும் பூட்டுகிற பட்டனுக்கு ஒன்று. பிள்ளையைக் காப்பது அதுதானே என்று அதற்கு மட்டும் சற்றுத் தாராளமாக. மேலே ஒரு உத்தரணி தீர்த்தம். பிறகு தடம் தெரியாமல் புடவைத் தலைப்பால் துடைத்துவிடுவாள்.

ஒளித்துச் செய்யக் காரணம் இருந்தது. போன வருஷம் சரஸ்வதி பூஜையன்று கிட்டுவின் லேப்டாப் தீர்த்தம் குடித்து உயிரை விட்டது. அப்பாவின் கோபம் அவனிடம் சேதமில்லாமல் வந்து சேர்ந்திருந்தது.

"இன்னும் ஒரு சாமான் கெட்டுதுன்னா, பூஜை அலமாரியைப் பூட்டிச் சாவியை நான் வெச்சுப்பேம்மா" என்று சொல்லியிருந்தான்.

சொன்னால் செய்வான். அந்த அலமாரியை விட்டால் சாவித்ரிக்குப் பேச வேறு ஆள் கிடையாது.

சனிக்கிழமை காலை விஷ்ராந்த்வாடியிலிருந்து மெக்கானிக் வந்தார். ஸாதிக் பாய் என்று கிட்டு கூப்பிட்டான். லேசாக நரைத்த தாடி, நெற்றியில் கட்டிய டார்ச். பேச்செல்லாம் இந்தியில். பேட்டரியைப் பார்த்தார். ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். கடைசியில் கதவின் உள்பக்கத்தைக் கழற்றினார்.

டீயும் இரண்டு பிஸ்கட்டும் வைத்த தட்டோடு சாவித்ரி நின்றாள்.

அவர் பட்டனைப் பிரித்தார். உள்ளே மஞ்சளாக ஏதோ அப்பிக் காய்ந்திருந்தது. விரலில் சுரண்டி முகர்ந்தார். நிமிர்ந்து சாவித்ரியின் நெற்றியில் இருந்த சந்தனத்தைப் பார்த்தார். பிறகு முகத்தை, கொஞ்ச நேரம்.

"க்யா ஹை, பாய்?" என்று கிட்டு குனிந்தான்.

அவர் கையை மூடிக்கொண்டார்.

"சூஹா, சாப்" என்றார். எலி. வயரைக் கடித்திருக்கிறதாம்.

"மாசாமாசம் மெயின்டனன்ஸ் வாங்கிண்டு எலி வளர்க்கறான் பாரும்மா" என்று சொல்லிவிட்டு, கிட்டு சொசைட்டி செகரட்டரியோடு சண்டை போட, போனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடி மேலே போனான்.

ஸாதிக் பாய் சந்தனத்தைச் சுரண்டி, துடைத்து, உலர்த்திப் பட்டனை மாட்டினார். நன்றாக இருந்த ஒரு வயருக்கு நாலு சுற்று டேப்பும் போட்டார், கிட்டு வந்து பார்ப்பதற்காக. போகும்போது முன்கண்ணாடியின் மூலையைச் சாவித்ரிக்கு விரலால் தொட்டுக் காட்டினார். பொட்டு அங்கே வைக்கலாம் என்று அர்த்தம்.

கதவுகள் சொன்ன பேச்சைக் கேட்டன. கிட்டு அன்று மாலையே காரை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றப் போனான்.

அன்று சங்கடஹர சதுர்த்தி. சாவித்ரி நைவேத்தியம் ஆன கொழுக்கட்டைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். பொய் பொய்தான். அதைச் சுமக்கிறவனுக்கு ஒரு வாய் கொடுக்காமல் இருப்பது இன்னும் பெரிய பாவம். அதுவும் இது இரண்டாவது தடவை.

கார் நிற்கும் இடத்துக்குப் பின்னால், சாக்கடைக் கம்பி வலையோரம் குனிந்தாள்.

அங்கே ஏற்கெனவே ஏதோ இருந்தது.

காலையில் அவள் தட்டில் கொண்டுவந்த குளூகோஸ் பிஸ்கட். கவனமாக உடைத்த பாதி.

தமிழ் தெரியுமா என்று அவள் ஸாதிக் பாயைக் கேட்கவே இல்லை.

சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. கொழுக்கட்டையை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு மேலே போனாள்.