குப்பையே போடாத கடை

“எழுத மாட்டேன்னா எழுத மாட்டேன்தான். என்ன பண்ணுவீங்க?”

தலையணைக் கடைக்காரி படிவத்தை மேஜைமேல் கவிழ்த்துப் போட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சின்னச் சின்னத் தொழில்களைப் பசுமை வழிக்கு மாற்றுவதற்காக வணிகர் சங்கம் அனுப்பிய ஆள் அவர். நல்ல மனிதர்தான். என்ன, படிவத்தில் இல்லாத எதையும் நம்ப மாட்டார்.

“மேடம், பசுமைச் சான்றிதழ் இல்லாத கடைலேர்ந்து அடுத்த மாசம் முதல் எதுவும் வாங்க மாட்டோம்னு ஹோட்டல்காரங்க சொல்லிட்டாங்க. உங்க தலையணை, குஷன் எல்லாம் அங்கதானே போகுது? அப்புறம் யாருக்குத் தைப்பீங்க?”

“அது என் கவலை.”

மெஷினில் உட்கார்ந்திருந்த தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆலோசகர் பொறுமையாக மறுபடி ஆரம்பித்தார். “சரி, போன வருஷம் எத்தனை கிலோ துணியைக் குப்பையில போட்டீங்க?”

“ஒரு கிலோகூட இல்லை. வெட்டி விழுறது பூரா தலையணைக்குள்ளதான் போகுது.”

“இந்த வருஷம்?”

“அதேதான்.”

“அப்ப எதைக் குறைச்சீங்கன்னு நான் எழுதறது? குறைச்சாத்தான் மார்க். உங்களுக்குப் பூஜ்ஜியம்தான் வருது.”

“குப்பையே போடாதவளுக்குப் பூஜ்ஜியமா? நல்லா இருக்கு சார் உங்க நியாயம்!”

அவருக்கே சங்கடமாகப் போய்விட்டது. குரலைத் தாழ்த்தினார்.

“போன வருஷம் இருநூறு கிலோ போட்டதா எழுதிடுங்க. நான் கண்டுக்க மாட்டேன்.”

“செய்யாத தப்பை ஒத்துக்கிட்டாத்தான் நல்லவள்னு பட்டம் குடுப்பீங்களா? அதுக்கு வேற ஆளைப் பாருங்க.”

“எழுதித் தொலையேன்க்கா! உன் வீம்பால நாம ரெண்டு பேரும் தெருவுல நிக்கப் போறோம்” என்றாள் தங்கை.

ஆலோசகர் படிவத்தை நிமிர்த்திப் புரட்டினார். “இன்னொரு வழியும் இருக்கு. வெளியில வீணாப் போற துணியை எடுத்துப் பயன்படுத்தினாலும் முழு மார்க்.”

சுவரோரம் அடுக்கியிருந்த மூட்டைகளைக் காட்டினார். ஒன்றின் வாய் பிரிந்து சாம்பல் நிறத் துண்டுத் துணிகள் வெளியே தொங்கின. “இவ்வளவு துண்டு உங்க கடையில விழ வாய்ப்பே இல்லை. எங்கேர்ந்து வருது?”

“சொல்ல முடியாது.”

“சொல்லிட வேண்டியதுதானேக்கா! நம்ம...”

“நீ வாயை மூடிக்கிட்டு வேலையப் பாருடி.”

ஆலோசகரின் முகம் மாறியது. திருட்டுத் துணியோ?

“மறைக்கிறவங்களுக்கு நான் சான்றிதழ் தர முடியாதும்மா.” மேடம் போய் அம்மா வந்திருந்தது.

“தராதீங்க!”

‘தகுதி இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் எழுந்து போனார். தங்கை முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். கடைக்காரிக்கும் தெரியாமல் இல்லை: ஹோட்டல் ஆர்டர் போனால் இந்தக் கடை இரண்டு மாதம்கூடத் தாங்காது. ஆனாலும் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் ஒரு உறையை எடுத்துப் பஞ்சுக்குப் பதிலாகத் துண்டுத் துணியைத் திணிக்க ஆரம்பித்தாள்.

ஒரு மணி நேரம் இருக்கும். எதிர்ச் சாரியில் ஹோட்டல் ஊழியர்களுக்கு யூனிஃபார்ம் தைக்கும் கடைக்குப் போயிருந்த ஆலோசகர், மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

“என்னம்மா இது! அந்த மாஸ்டர் கடையில விழுற துண்டெல்லாம் நீங்கதான் தினமும் எடுத்துக்கறீங்களாம். போன வருஷம் மூட்டை மூட்டையா குப்பைக்குப் போனது, இப்ப ஒரு துண்டுகூடப் போகலையாம்!”

அவள் எழுந்து நின்றாள். “அதை அவர் படிவத்துல எழுதிட்டீங்களா?”

“எழுதியாச்சு.”

“கையெழுத்து?”

“போட்டு, சான்றிதழும் கையில குடுத்தாச்சு. அதை விடுங்க. இதை எங்கிட்ட முதல்லயே சொல்லியிருந்தா உங்களுக்குக் கிடைச்சிருக்குமே!”

“கிடைச்சிருக்கும். அவருக்குக் கிடைச்சிருக்காது. ஒரே துணியை ரெண்டு கடை காட்டக் கூடாது, முதல்ல காட்டினவங்களுக்குத்தான் மார்க்னு கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருக்கே, நீங்க படிக்கலையா?”

ஆலோசகர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். இருந்தது.

“இங்க நானும் என் தங்கச்சியும்தான். அங்க இருபத்திரண்டு பேர் தைக்கிறாங்க. எந்தக் கடைக்குப் பூட்டுப் போடலாம்னு நீங்களே சொல்லுங்க சார்!”