வெள்ளைக் கட்டத்தின் விளையாட்டு

பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றுக்குத் தானே புது விளையாட்டு எழுதப்போவதாக மேகவர்ணன் கிளம்பினான். அதற்கு விளையாட்டு வருவது நின்று வெகுகாலம் ஆகியிருந்ததால், பெட்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

முதலில் திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றியது. பொத்தானை அழுத்தியதும் வலப்பக்கம் நகர்ந்தது. மேகவர்ணன் அதைப் படம்பிடித்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினான்.

“நான் யாரு அண்ணே?” என்று கட்டம் பெட்டியைக் கேட்டது.

“நீதான்டா கதாநாயகன். இனிமே உனக்குக் கைகால் வரைவான். ஓட ஒரு காடு தருவான், சண்டை போட ஒரு பூதம் தருவான்.”

மறுநாள் மேகவர்ணன் கட்டத்தை இடப்பக்கம் திருப்பப் பார்த்தான். திரை உறைந்து நின்றது. எவ்வளவு தேடியும் தவறு எங்கே என்று பிடிபடவில்லை. அந்த வாரமே வேறொரு பழைய பெட்டியை வாங்கிவந்தான். “இதுக்கு எழுதுறது ரொம்ப சுலபமாம்” என்று போனில் யாரிடமோ உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே, முதல் பெட்டியை, கட்டம் இருந்த கேசட்டோடு அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான்.

“ஒரே இருட்டா இருக்கே அண்ணே,” என்றது கட்டம். “விளையாட்டு ஆரம்பிச்சிடுச்சா?”



“ஆமாம்டா,” என்றது பெட்டி.