வளையத்தை நம்பாத கேமரா

தண்ணீர் புகாத அந்தக் குட்டிக் கேமராவுக்குத் தன் கதவைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தின் மேல் துளியும் நம்பிக்கை இல்லை. "நூல் தடிமன் இருந்துகிட்டு இவன் கடலைத் தடுக்கப் போறானாம்," என்று படகில் வரும் வழியெல்லாம் கதவைத் திறந்து திறந்து பார்த்தது.

"நான் நல்லாத்தான் இருக்கேன், மூடு," என்றது வளையம்.

"இவ்வளவு அவசரமா மூடச் சொல்றியே, எதை மறைக்கிறே?"

கதவின் வெளி விளிம்பில் ஒட்டியிருந்த மணல் துகள் ஒன்று மெல்லப் பேச்சுக் கொடுத்தது. "எனக்கும் அவன்மேல சந்தேகந்தான் அண்ணே. கடல்ல குதிக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை பாத்துடுங்க."

தன்னைப் போலவே யோசிக்க ஒருத்தன் கிடைத்த சந்தோஷத்தில் கேமரா மறுபடி கதவைத் திறந்தது. மணல் உள்ளே நழுவி, வளையத்தின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டது.

"என்மேல யாரோ உட்கார்ந்திருக்காங்க," என்று வளையம் பதறியது.

"சாக்குச் சொல்லாதே," என்று கேமரா கதவை அடித்துச் சாத்தியது.

கடலடியில், மணல் உட்கார்ந்திருந்த இடத்தின் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தபோதும் கேமரா மணலிடம் பெருமையாகச் சொன்னது: "பாத்தியா, நான் சந்தேகப்பட்டது சரியாப் போச்சு."

"ஆமாண்ணே," என்றது மணல், உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல்.