மடியில் ஒரு குரல்

தம்பியின் மடியிலிருந்த கருவிக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள் அக்கா. வெதுவெதுப்புதான். சூடு இல்லை.

விபத்துக்குப் பிறகு அவனுக்குப் பேச்சு வராது. அவன் விரலால் தட்டுவான், கருவி பேசும். அதன் அடிமட்டத்தில் உட்கார்ந்து மற்ற எல்லாவற்றையும் வேலை வாங்கும் கெர்னல் என்ற மென்பொருளை எழுதும் கூட்டத்தில் அக்காவும் ஒருத்தி. சூடு எல்லை தாண்டினால் உடனே அணைந்துவிடு என்று எழுதியவளே அவள்தான். ஆபீஸில் அதற்குக் கைதட்டல் வேறு.

போன வாரம் அந்தக் கைதட்டலே வினையாக வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம், நெடுநாளாக மனதில் பூட்டி வைத்திருந்ததைத் தம்பி தட்டினான்.

"உங்ககூட வாழ்க்கை முழுக்க" என்றது கருவி. அதற்குள் சூடேறிப் பட்டென்று அணைந்துபோனது.

அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டவிடாமல் செய்துவிட்டேனே, பாவி, என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். சோதனையெல்லாம் ஏசி அறையில், மேஜைமேல் நடந்தது. சூடு வெளியேற வழியில்லாத மெத்தென்ற தலையணைமேல், மடியில் வைத்து எவன் சோதித்தான்?

அன்றிரவே உட்கார்ந்து மாற்றி எழுதினாள். சூடு ஏறினால் ஒரேயடியாக அணையக் கூடாது. முதலில் திரை மங்கட்டும். வெட்டியாகச் சுற்றும் வேலைகள் தூங்கட்டும். பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளட்டும். குரலில் மட்டும் கடைசிவரை கைவைக்கக் கூடாது.

புதிதாக எழுதியதைக் கருவியில் ஏற்றி, இன்று அவள் சூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசல் மணி அடித்தது. அதே பெண்தான். அக்கா சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

தம்பி மறுபடி முதலிலிருந்து தட்டினான். திரை மங்கியது. குரல் இழுத்து இழுத்து வந்தது. வந்தால் போதாதா? கடைசிச் சொல்வரை வந்து சேர்ந்தது. அப்பாடா!

அந்தப் பெண் சமையலறைப் பக்கம் திரும்பினாள். இத்தனை நாளும் அக்காவிடம் "மேடம்" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசாதவள்.

"அக்கா, வெளிய வாங்க. ஆஸ்பத்திரி என்னை அனுப்பறது போன மாசமே நின்னுபோச்சு. நானாத்தான் வந்துட்டிருக்கேன்."