வகுப்பில் ஒரே ஆண்

பால் காய்ச்சினேன். சட்டையைத் தேய்த்தேன். பிரெஞ்சு வகுப்புக்குக் கிளம்பினேன். "அதெல்லாம் பொண்ணுங்க படிக்கிறது மச்சான்" என்று மாடிவீட்டு ஜெரால்டு வழக்கம்போலச் சொன்னான். என் மனைவி மேகலா என்னையும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்த வகுப்பு அது. அவள் இறந்தபின் நான் மட்டும் போகிறேன். அங்கே நான் ஒருவனே ஆண். பாடத்தில் வரும் கடைக்காரன், போலீஸ்காரன், கணவன் எல்லாம் நான்தான். இன்றைய பாடத்தில் மனைவிக்குக் காய்ச்சல். "வேற பாடம் எடுக்கலாமா?" என்றார் ஆசிரியை. "பரவாயில்ல மேடம்" என்றேன். மருத்துவராக நடித்த பத்மஜா, "உங்கள் மனைவி என்ன சொல்கிறார்?" என்று பிரெஞ்சில் கேட்டாள். தலை வலிக்கிறது என்கிறாள் என்பது புத்தகத்தில் இருந்த பதில். காய்ச்சலில் நினைவு தப்புவதற்கு முன் மேகலா சொன்னது வேறு. அதைத் தமிழிலேயே சொன்னேன். "இன்னிக்கு நீங்க மட்டும் போங்க. அங்க புருஷனா நடிக்க வேற ஆள் இல்ல."