நாற்பத்தொன்றாம் எண் வரவில்லை

"நாற்பத்தொண்ணு இன்னிக்கும் வரல" என்றாள் நர்ஸம்மா, கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி.

மேஜையின் மறுகோடியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் நிமிரவில்லை. "யாரும்மா அது, ஜெயில் கைதியா?"

"கூடப் படிக்கிறவடி."

பதினாறு வருஷம் டிப்ளமோவை வைத்துக்கொண்டு ஊசி போட்ட கை, இப்போது இணைய வழியில் பட்டப்படிப்புப் படிக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மனிதப் பெயர்களில் நம்பிக்கை கிடையாது. படிக்கிற நர்சுகள் எல்லாரும் வெறும் எண்கள். நான்கு எண்கள் சேர்ந்தால் ஒரு குழு. குழுவுக்கு ஓர் ஆய்வறிக்கை. நம் நர்ஸம்மா குழுத் தலைவி.

செவ்வாய்க்கிழமை என்றாலே அவளுக்கு மிதப்புதான். மத்தியான டூட்டியிலிருந்து அந்த ஒரு நாள் விடுவிக்கும்படி ஆஸ்பத்திரியில் பெரிய சிஸ்டரிடம் கடிதம் கொடுத்திருந்தாள். கிடைத்துவிட்டது. அவள் இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று கேட்கவில்லை. வரம் கிடைத்தவர்கள் விசாரணை வைப்பதில்லை.

குளித்து, தலை துவட்டி, ஜன்னலோரம் உட்கார்ந்தால் பேராசிரியரின் குரல் தூரத்து மழை மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கும். திரைச்சீலை மெல்ல உப்பும், அடங்கும். அந்த அசைவுக்குள் எங்கேயோ அவள் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு மேடைப் படி ஏறுவாள். ஏற ஏறப் படிகள் நீளும். கீழே, அவள் இதுவரை பார்த்த நோயாளிகள் எல்லாரும் கட்டிலோடு மிதந்து வந்து கைதட்டுவார்கள். தட்டுகிற கையில் சலைன் ஏறிக்கொண்டிருக்கும். "ஆட்டாதீங்க!" என்று கனவிலும் அதட்டுவாள்.

அந்தச் சுகத்தில் ஒரு முள், நாற்பத்தொன்று. ஆறு வாரமாகத் திரையில் அந்த எண்ணின் கட்டம் மட்டும் இருட்டு. முகம் தெரியாதவளுக்கு நர்ஸம்மாவே ஒரு முகம் செய்து வைத்தாள். சோபாவில் கால் நீட்டி, திராட்சையை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொள்ளும் முகம். வாரத்துக்கு வாரம் அதற்குச் சதை வேறு போட்டது.

இந்தச் செவ்வாய்தான் அறிக்கை அனுப்பக் கடைசி நாள். ஆறு மணிக்குள் போக வேண்டும். படுக்கைப் புண் பற்றி நாற்பத்தொன்று எழுத வேண்டிய பகுதி வரவில்லை. செய்தி மட்டும் வந்தது: 'டூட்டியில் இருக்கிறேன். எட்டு மணிக்கு மேல் அனுப்பட்டுமா?'

"பாத்தியா! ரயில் போனப்புறம் டிக்கெட் எடுப்பாளாம்."

"டூட்டின்னு சொல்றாங்களேம்மா, பாவம்."

"எனக்கு டூட்டி இல்லையா? நான் வந்து உக்காரல? ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்."

"இந்தப் பழமொழியும் உன் சிலபஸ்ல இருக்கா?"

"நீ கணக்கைப் போடு."

அந்தப் பகுதியையும் நர்ஸம்மாவே எழுதினாள். ஐந்து ஐம்பதுக்கு அறிக்கை போயிற்று. அடுத்து ஒரு படிவம் வந்து நின்றது. குழுவில் ஒவ்வொருவருடைய உழைப்புக்கும் தலைவி பத்துக்கு எத்தனை போடுகிறாள்? கீழே சின்ன எழுத்தில் விதி: பூஜ்யம் வாங்கியவர் அந்த ஆண்டைத் திரும்பப் படிக்க வேண்டும்.

மகள் எட்டிப் பார்த்தாள். "அம்மா, ஒரு வருஷம் போயிடும்மா அவங்களுக்கு."

நர்ஸம்மாவின் விரல் தயங்கத்தான் செய்தது. ஆனால் சோபாக்காரி அந்த நேரம் பார்த்து இன்னொரு திராட்சையைக் கிள்ளினாள்.

பூஜ்யம்.

'காரணம்' என்ற இடத்தில், 'அடுத்தவர் உழைப்பில் பட்டம் வாங்கப் பார்ப்பவர்' என்று எழுதினாள். வாசித்துப் பார்த்தாள். முற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்தது, வைத்தாள். அனுப்பினாள். 'இனி மாற்ற இயலாது' என்றது திரை.

மறுநாள் டூட்டிக்குப் போனபோது பெரிய சிஸ்டர் அடுத்த மாத டூட்டிப் பட்டியலுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, அறிக்கை கரையேறிச்சா?"

"ஏறிச்சு சிஸ்டர். நாலு பேர்ல ஒருத்தி நல்லா டிமிக்கி குடுத்தா. ஒரு கிளாசுக்கும் எட்டிப் பாக்கல. நானும் சும்மா விடல, பூஜ்யம் போட்டுட்டேன். நாற்பத்தொண்ணு இனி ஜென்மத்துக்கும் மறக்காது."

கோடு பாதியில் நின்றது.

"எத்தனாம் நம்பர்னு சொன்ன?"

"நாற்பத்தொண்ணு."

பெரிய சிஸ்டர் ஃபைலைப் புரட்டினாள். நர்ஸம்மாவின் கடிதம் இருந்தது. அதற்கு அடியில் இன்னொரு கடிதம். அதே படிப்பு. அதே செவ்வாய்க்கிழமை. அதே மத்தியானம். கையெழுத்துக்குக் கீழே மாணவர் எண்: 41.

"எட்டாவது மாடி நர்ஸ். ரெண்டு பேரும் ஒரே நாள்ல வந்து கேட்டீங்க. ஒருத்தரைத்தான் விட முடியும்னு அவகிட்ட சொன்னேன்."

நர்ஸம்மா அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள். "எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே, சிஸ்டர்?"

"அவதான் சொல்லாதீங்கன்னா. 'அவங்க குழந்தைக்காரங்க, முதல்ல அவங்க முடிக்கட்டும், அவங்க பெட்டெல்லாம் நான் பாத்துக்கறேன். விஷயம் தெரிஞ்சா, பாவம், அவங்களுக்குப் படிக்க மனசு வராது'ன்னா."